குறுக்கே வந்த குரல்

கலியாணம் முடிந்து அந்த வீட்டுக்குப் போன அன்று, நான் கொண்டுபோன தகரப் பெட்டியைத் திறந்து சேலைகளை எடுத்து அடுக்கிவிட்டு மூடினேன். கதவடியில் நின்ற மச்சாள், "அண்ணி, உந்தப் பெட்டியை இன்னொருக்கா மூடுங்கோ" என்றாள்.

சேலைத் தலைப்பு ஏதும் வெளியே தெரிகிறதாக்கும் என்று நினைத்து, திறந்து மூடினேன்.

"இன்னொருக்கா. கொஞ்சம் மெதுவாய்."

அப்போதுதான் அவள் கையிலிருந்த சின்ன ரேப் ரெக்கோடரைக் கண்டேன். புதுப்பெண் கூறைச் சேலையோடு குந்தியிருந்து பெட்டியைத் திறந்து திறந்து மூட, வந்திருந்த சனம் எட்டிப் பார்த்துச் சிரித்தது. சிரிப்புக் கேட்டு இவர் வந்தார். "பிள்ளை, வந்த அண்டைக்கே மனிசியைப் பயப்பிடுத்தாதை" என்றார். என் கணவருடைய குரல் கிணற்றடியில் பேசினால் ஒழுங்கை முகப்பில் கேட்கும்.

மச்சாள் முகத்தைச் சுளித்தாள். "அண்ணை, நல்லாய் வந்துகொண்டிருந்தது. இப்ப உங்கடை குரல் விழுந்திட்டுது." ரேப்பைப் பின்னுக்குச் சுற்றினாள். "அண்ணி, இன்னொருக்கா."

அவள் இவருக்கு ஒரே தங்கை. தாய் தகப்பன் இல்லை. சுன்னாகத்துக்குக் கிட்ட, வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த அந்த வீட்டில் இவர் தோட்டம் செய்தார், அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்தாள். பிள்ளைகளுக்கு ஒழுங்காகச் சரளிவரிசை சொல்லிக்கொடுப்பாள். ஆனால் வீட்டில் ஒரு நாளும் பாடிக் கேட்டதில்லை. எப்போதோ சிற்றலை ரேடியோவில், ஏதோ ஒரு நாட்டில் யாரோ ரயில் சத்தத்தையும் கதவுச் சத்தத்தையும் வெட்டி ஒட்டிச் சங்கீதம் செய்ததைக் கேட்டாளாம். அவர்கள் சொன்னதில் பாதி விளங்கவில்லை என்று அவளே சொல்லுவாள். விளங்கிய பாதி அவளைப் பிடித்துக்கொண்டது.

அவர்களுடைய சித்தப்பா ஒருவர் சவூதியிலிருந்து வந்தபோது, இரண்டு கசெற் போடுகிற பெரிய செற் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். சின்ன ரெக்கோடரைத் தூக்கிக்கொண்டு திரிந்து சத்தங்களைப் பிடிப்பாள். பிறகு பெரிய செற்றுக்கு முன்னால் இருந்து, ஒரு கசெற்றிலிருந்து மற்றதுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி வைப்பாள். திருவலையில் தேங்காய் துருவுகிற சத்தம், அதன்மேல் பெட்டி மூடுகிற சத்தம், பிறகு தண்ணிப் பம்ப் ஸ்டார்ட் எடுக்க முன்னம் திக்குகிற சத்தம். கேட்டுக்கொண்டிருக்க, எங்கேயோ தாளம் பிடித்துக்கொள்ளும். கால் தானாக ஆடும். என்னுடைய தகரப் பெட்டி அப்படி ஆடிக் கேட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மனிதக் குரல் மட்டும் அவளுக்கு ஆகாது. ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"குரல் வந்தால் என்ன சொல்லுகினம் எண்டுதான் சனம் கேக்கும், அண்ணி. சத்தத்தைக் கேக்காது."

அதனால் இவர் அவளுக்கு ஓயாத உபத்திரவம். அவள் வாய்க்காலில் தண்ணீர் பாய்வதைப் பதிய, "பிள்ளை, சந்தைக்குப் போறன், ஏதும் வேணுமோ?" என்பார். சுளகில் நெல் புடைப்பதைப் பதிய, "இஞ்சாரும், என்ரை உடுக்கிற சாரத்தைக் கண்டனீரோ?" என்று என்னைக் கேட்பார். அவள் தலையில் கை வைப்பாள். பின்னுக்குச் சுற்றி, அவருடைய குரலுக்கு மேலேயே திரும்பப் பதிவாள். கசெற் கிடைப்பது அருமை. ஒரு அங்குலம்கூட வீணாக்க மாட்டாள். சில வேளை இவர் வேண்டுமென்றே செருமிக்கொண்டு வருவார். அவள் கையை உயர்த்துவாள். வாயைப் பொத்திக்கொண்டு, நுனிக்காலில் கள்ளன் மாதிரி என்னைக் கடந்து போவார். நான் சிரித்துவிட்டால் அதுவும் பழுது.

அவளிடம் இன்னொரு பிடிவாதம் இருந்தது. ஒரு சத்தத்தை இன்னொன்று என்று சொல்லி விற்கக் கூடாது. வாசிகசாலை ஆண்டுவிழாவுக்கு நாடகம் போட்ட பெடியள், மழைக் காட்சிக்குச் சங்கீதம் வேண்டுமென்று அவளிடம் வந்தார்கள். "சுளகிலை பயறைப் போட்டு உருட்டினால் மழை மாதிரி வரும் ரீச்சர்" என்று ஒருவன் சொன்னான்.

"அது பயறு. மழை இல்லை" என்றாள்.

மழைக்குக் காத்திருந்தாள். மழை வந்ததும் குடையின் கீழ் ரெக்கோடரைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றாள். அந்த மழைக்குள் வாளி நிறைகிற சத்தத்தையும் தகரத்தில் சொட்டுகிற சத்தத்தையும் வைத்து அழகாக ஒன்று செய்தாள். விழாவன்று அதைப் போட்டார்கள். உண்மையான மழை ஒலிபெருக்கியில் வந்தால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் நாங்கள் எல்லோரும் அறிந்தோம். எண்ணெய்ச் சட்டி கொதிக்கிற மாதிரி இருந்தது. "ஆரோ வடை சுடுகினமடா!" என்று பின்னால் ஒரு குரல். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. மேடையில் கதாநாயகி நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தாள்.

இவர் எழும்பினார். "வடை இல்லை! மழை! எங்கடை முத்தத்து மழை!" என்று ஒலிபெருக்கியையும் மீறிக் கத்தினார். சிரிப்பு இரட்டிப்பானது.

திரும்பி வரும்போது மச்சாள் ஒழுங்கை முழுக்க எங்களுக்கு முன்னால் நடந்தாள். படலையைத் திறந்துகொண்டு, "பயறெண்டால் நம்பியிருப்பினம்" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகும் பயறைத் தொடவில்லை.

சண்டை எங்கள் பக்கம் நெருங்க நெருங்க அவளுக்குச் சுத்தமான சத்தம் கிடைப்பது கஷ்டமானது. எதைப் பதிந்தாலும் தூரத்தில் ஷெல் குத்துகிற சத்தம் உள்ளே வந்து விழுந்தது. ஒருமுறை தோட்டத்தில் அவள் பதிந்துகொண்டிருக்க ஆமியின் ஹெலி ஒன்று வந்தது. சனம் ஓடியது. அவள் ரெக்கோடரோடு வரம்பில் நிற்பதை யாரோ கண்டு சொல்லியிருக்கிறார்கள். பின்னேரம் இயக்கப் பெடியள் இரண்டு பேர் சைக்கிளில் வந்து கசெற்றை வாங்கிப் போட்டுக் கேட்டார்கள்.

"அக்கா, உதிலை என்ன இருக்கு?"

"தண்ணி."

"தண்ணியோ?"

"வாய்க்கால் தண்ணி, வெங்காயப் பாத்திக்குள்ளை திரும்பிற சத்தம். உங்கடை ஹெலி வந்து பழுதாக்கிப் போட்டுது."

"எங்கடை ஹெலி இல்லை அக்கா" என்றான் ஒருவன், பாவம், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. மற்றவன் கசெற்றைத் திருப்பிக் கொடுத்து, "உதோடை வெளியிலை திரியாதேங்கோ, நாளைக்கு வேறை ஆரும் வந்தால் எங்களாலை ஒண்டும் செய்யேலாது" என்றான். அவர்கள் போகும்வரை பார்த்திருந்து நான் படலையைச் சாத்தினேன். இவர் வேலியைப் பிடித்தபடி நின்றார். மச்சாள் ஹெலி வந்த இடத்தைத் தேடி ரேப்பைப் பின்னுக்குச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

தொண்ணூறில் கரண்ட் நின்றது. பிறகு வரவேயில்லை. பெரிய செற்றை ஒரு பழைய சேலையால் மூடி மூலையில் வைத்தாள். பற்றரி கொண்டுவரவும் தடை. பம்புகள் இல்லை, ஒலிபெருக்கிகள் இல்லை, லொறிகள் இல்லை. குண்டு போடும் பொம்மர் வராத பொழுதுகளில் ஊர் அப்படியொரு அமைதி. பனை ஓலை உரசுவது இந்தக் காணியிலா அடுத்த காணியிலா என்று பிரித்துச் சொல்லலாம். அவள் வருஷக்கணக்காகக் கேட்டுத் திரிந்த அமைதி. பதிய வழியில்லாமல் முற்றத்தில் வெறுங்கையோடு நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

இவருக்குத்தான் அது பொறுக்கவில்லை. சைக்கிளைப் பின்சக்கரம் தரையில் முட்டாமல் ஸ்ராண்டில் ஏற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, சின்ன ரெக்கோடரை ஓடச் செய்தார். சைக்கிள் கிட்ட நின்றால் செயின் சத்தம் விழுகிறது என்று அவள் முறையிட்டாள். எங்கெங்கோ வயர் தேடிச் சேர்த்து முடிந்து, சைக்கிளை மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார்.

"இனி உனக்குக் கரைச்சல் இல்லைப் பிள்ளை. நான் அங்காலை நிண்டு எவ்வளவு கத்தினாலும் உனக்குக் கேளாது."

தோட்டத்தால் வந்து களைப்போடு அங்கே இருந்து மிதிப்பார். எங்களுக்குக் கனகாலம் கழித்துப் பிறந்த மகனைச் சைக்கிள் பாரில் இருத்தி வைத்துக்கொள்வார். இந்தப் பக்கம் மச்சாள், ஒருவரும் குறுக்கே பேசாத சுத்தமான சத்தங்களாகப் பிடித்துச் சேர்த்தாள். அவற்றை ஒட்டிச் சங்கீதமாக்கப் பெரிய செற் ஓடாது என்று அவளுக்குத் தெரியும். "சேர்த்து வைப்பம். கரண்ட் வரட்டும்" என்பாள்.

இவர் சந்தையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தபோது பொம்மர் வந்தது. மகனுக்கு அப்போது இரண்டு வயது. வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியபோது பெண்கள் என்னைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். மச்சாள் கிணற்றடியில் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்துச் சனம் கதைத்தது. எனக்கு அன்று ஒன்றும் தோன்றவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து உறவினர் போன பிறகு, வீடு எவ்வளவு சத்தமில்லாமல் இருக்கிறது என்று கண்டேன். அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. அடுப்படியிலிருந்து ஓடிப்போய் அவளைக் கேட்டேன்.

"உம்மடை கசெற்றுகளிலை இவரின்ரை குரல் இருக்கும் என்ன?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் கேட்பேன் என்று காத்திருந்தவள் மாதிரி இருந்தது.

"இராது அண்ணி. நான் எல்லாத்துக்கும் மேலை பதிஞ்சனான்."

"ஒரு இடத்திலையாவது?"

"விட்டிருக்க மாட்டன்." பிறகு, "தேடுவம்" என்றாள்.

கசெற் பெட்டியை எடுத்து முற்றத்தில் வைத்தோம். நான் மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் போய் மிதித்தேன். அவள் கேட்டாள். மகனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, நாள் நாளாகத் தேடினோம். சுளகு, திருவலை, வாய்க்கால், கதவு, தகரப் பெட்டி. அந்த வீட்டில் இருந்த எல்லாம் அதில் இருந்தன. அவருடைய சைக்கிள் ஸ்ராண்ட் தட்டுகிற சத்தம் இருந்தது. அவருடைய செருப்பு இருந்தது. அவர் இல்லை. மச்சாள் தன் வேலையை அவ்வளவு சரியாகச் செய்திருந்தாள்.

ஒருநாள் அவள் கொட்டிலைச் சுற்றி ஓடி வந்தாள். "அண்ணி, வாங்கோ! வாங்கோ!" சைக்கிளிலிருந்து குதித்து ஓடினேன். ரெக்கோடர் பேசாமல் இருந்தது. நான் இறங்கினால் அது ஓடாது என்பதை இரண்டு பேரும் மறந்துவிட்டோம். அவள் திரும்பிப் போய் மிதித்தாள். நான் குனிந்து காதை வைத்தேன்.

ஒரு செருமல். பிறகு, "பிள்". பிறகு டக்கென்று ஒரு சத்தம், அதன் பின் கிணற்றுக் கப்பி கிறீச்சிடுகிறது.

'பிள்ளை' என்று தங்கையைக் கூப்பிடத் தொடங்கியிருக்கிறார். மேலே பதிந்தபோது அந்தத் துண்டு மட்டும் தப்பியிருக்கிறது. அவ்வளவுதான் இருந்தது. என்னைக் கூப்பிட்டதில் ஒன்றும் இல்லை.

திரும்பத் திரும்பக் கேட்டேன். ஆனால் அவள் வேகமாக மிதித்தால் அது ஒரு பெடியனுடைய குரல். களைத்து மெதுவாக மிதித்தால் ஒரு கிழவருடைய குரல். நான் மிதிக்க அவள் கேட்டாள். அவளுக்கும் அப்படித்தான்.

"எது சரி?" என்றேன். "உமக்குத் தெரியும்தானே. நீர் சொல்லும்."

திடீரென்று அவள் முகம் வெளித்தது. "கப்பி! பின்னாலை கப்பிச் சத்தம் வருகுதெல்லே. கப்பியை இழுத்துப் பாப்பம். ரேப்பிலை கப்பி எப்ப சரியாய்க் கேக்குதோ, அப்ப அண்ணையும் சரியாய்க் கேப்பார்!"

கிணற்றடிக்கு ஓடினாள். கயிற்றைப் பிடித்தவள் அப்படியே நின்றாள். நானும் அப்போதுதான் நினைத்தேன். பழைய கப்பி தேய்ந்துவிட்டது என்று இவர்தான் புதிது வாங்கிப் போட்டிருந்தார். பழையதை இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிட்டார். மச்சாள் ஒரு வாளி தண்ணீரை அள்ளி மேலே எடுத்தாள். புதுக் கப்பி சத்தமே போடவில்லை. தண்ணீரை வாழையடியில் ஊற்றிவிட்டு வந்து, கசெற்றை வெளியே எடுத்து உறையில் போட்டாள். அடிக்கடி போட்டால் தேய்ந்துவிடும் என்று சொன்னாள்.

அதோடு ஊரை விட்டு வெளிக்கிட்டோம் என்று சொல்ல ஆசை. உண்மையில் இடையில் இரண்டு வருஷம் போனது. அந்த இரண்டு வருஷத்தில் அவள் ஒன்றும் பதியவில்லை, நான் கேட்கவும் இல்லை. பிறகு, தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஆமி நெருங்க, எல்லோரையும் போல மழைக்குள், நாவற்குழிப் பாலத்தில் அசைய முடியாத சனத்துக்குள், சைக்கிளில் மகனையும் ஒரு உடுப்புப் பையையும் வைத்துத் தள்ளிக்கொண்டு தென்மராட்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். சின்ன ரெக்கோடரையும் அந்த ஒரு கசெற்றையும் அவள் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். மற்றதெல்லாம் வீட்டில்.

ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. வகுப்பறைக்குப் பல குடும்பங்கள். அங்கே ஒருநாள் மகன், வேறு பிள்ளைகளின் தகப்பன்மாரைப் பார்த்துவிட்டு வந்து, அப்பா எப்படிக் கதைப்பார் என்று கேட்டான். நான் மச்சாளைப் பார்த்தேன். அவள் கசெற்றை எடுத்தாள்.

நீட்டு வயர் வீட்டோடு போய்விட்டது. சைக்கிளைப் பக்கத்திலேயே ஏற்றி நான் மிதித்தேன். செயின் சத்தத்துக்கு மேலாக அந்தச் செருமல் வந்தது. "பிள்". டக். கப்பி.

"மாமி, ஆர் உது?"

"உங்கடை அப்பா."

"என்ன சொல்லுறார்?"

"கூப்பிடுறார்."

"ஆரை?"

'பிள்ளை எண்டு உன்னைத்தான் ராசா' என்று சொல்லியிருக்கலாம். யாரும் அதைப் பொய் என்று சொல்லியிருக்க முடியாது. நான் மிதித்துக்கொண்டே அவள் அதைச் சொல்ல வேண்டுமென்று மன்றாடினேன். அவள் வாயைத் திறந்தாள். மூடினாள்.

"என்னை" என்றாள்.

"என்னைக் கூப்பிடச் சொல்லுங்கோ."

அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டான். கேட்டுவிட்டு, "இருமுறார் மட்டும்" என்றான். வெளியே பிள்ளைகள் கிளித்தட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போனான். நான் மிதிப்பதை நிறுத்தினேன். மச்சாள் ரெக்கோடருக்கு முன்னால் குந்தியபடி இருந்தாள். நான் அவளைத் தொடவில்லை. அவளுக்கு அப்போது என்மேல் கோபமா, எனக்கு அவள்மேல் கோபமா, இன்றுவரை தெரியாது.

மார்கழி முடிய முன்னம், கொழும்பில் இருந்த என் தமையன் வந்துவிடச் சொல்லி ஆளிடம் சொல்லி அனுப்பினார். கிளாலிக்குப் போய் வள்ளத்தில் கடல் கடந்து, பிறகு ஆமியின் தடைகளைத் தாண்டிப் போக வேண்டும். மச்சாளையும் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றாள். சண்டை ஓய்ந்து விட்டால் வீட்டுக்குத் திரும்பிப் போகப் போகிறாளாம்.

"அங்கை ஆர் இருக்கினம் உமக்கு?"

"இஞ்சை மட்டும் ஆர் அண்ணி?"

கிளாலிக்குப் போகிற ட்ரக்டர் பள்ளிக்கூட வாசலில் நின்றது. மகனைத் தூக்கி ட்ரக்டர் பெட்டியில் ஏற்றினாள். என்னுடைய பையை ஏற்றினாள். அந்தக் கசெற்றை என் கையில் தந்தாள். நான் வாங்கிக்கொண்டேன். தடையில் சோதிக்கும்போது அதைப் பறித்து வைத்துக்கொண்டார்கள் என்பது அவளுக்குத் தெரிய வாய்ப்பில்லை. அதன் பிறகு நான் அவளைக் காணவில்லை. போட்ட கடிதங்களுக்குப் பதிலும் வரவில்லை.

ட்ரக்டர்காரன் ஏறச் சொல்லி அவசரப்படுத்தினான். மச்சாள் என் முழங்கையைப் பிடித்தாள். அவளாக என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"அண்ணி, உங்களை ஒண்டு கேக்கட்டே?"

"கேளும்."

"எனக்கு அண்ணையின்ரை குரல் இப்ப ஞாபகம் வருகுதில்லை. வேறை எல்லாம் வருகுது. அந்த வீட்டிலை எந்தக் கதவு எப்பிடிச் சத்தம் போடும் எண்டு இப்பவும் சொல்லுவன். அவரின்ரை குரல் மட்டும் வருகுதில்லை. உங்களுக்கு வருகுதோ?"

"ஓம்" என்றேன். "வருகுது."

எனக்கும் அது போய்க் கனநாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, தலையைச் சற்றுச் சாய்த்து, நான் சொன்ன அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு என் முழங்கையை விட்டாள்.

"அது போதும் அண்ணி" என்றாள். "ஏறுங்கோ."